படம் கிடையாது, வளைவுதான்: நியூக்ளிக் அமில நானோ துகள்களும் சிதறல் ஆய்வும்

ஒரு குவார்ட்ஸ் நுண்குழாய், அதற்குள் 30 மைக்ரோலிட்டர் கரைசல். கண்ணுக்கு வெறும் தண்ணீர். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் மடித்த டிஎன்ஏ துகள்கள் அதில் கரைந்திருந்தால், அந்தச் சிறு துளிக்குள் மிதப்பவை கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி. அதன் வழியே மெல்லிய எக்ஸ் கதிர்க் கற்றை ஒரு விநாடி பாய்கிறது. சில மீட்டர் தள்ளி நிற்கும் உணர்கருவியில், நடுவில் அடர்ந்து ஓரம் போகப் போக மங்கும் ஒரு வட்டக் கறை விழுகிறது. அந்தக் கறையைச் சுற்றிலும் சராசரி எடுத்தால் இடமிருந்து வலமாக இறங்கும் ஒரே ஒரு கோடு மிஞ்சும்.

அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு, "இந்தத் துகள் திறந்துகொண்டது", "இதன் சுருள்களுக்கு இடையே 2.7 நானோமீட்டர் இடைவெளி", "எம்ஆர்என்ஏ உள்ளே தண்ணீரோடு இருக்கிறது" என்றெல்லாம் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இப்படிச் சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? எதுவரை செல்லும்?

முதலில் துகள்களைப் பற்றிக் கொஞ்சம். டிஎன்ஏவை மரபுச் செய்தியாகப் பார்க்காமல் கட்டுமானப் பொருளாகப் பார்க்கலாம் என்று நட்ரியன் சீமன் 1982இல் எழுதினார். கிளைவிடும் சந்திப்புகளை இழைகளின் வரிசையைக் கொண்டே வடிவமைக்கலாம் என்பது அவர் யோசனை. 2006இல் பால் ராத்மண்ட் அதை எல்லோருக்கும் எட்டும் முறையாக்கினார். ஒரு வைரஸிலிருந்து எடுத்த, 7,000க்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட நீண்ட ஒற்றை இழையை, இருநூற்றுச் சொச்சம் சிறு தையல் இழைகளால் அங்கங்கே பிணைத்து, நினைத்த வடிவத்தில் மடிப்பது. டிஎன்ஏ ஒரிகாமி என்று பெயர். இது ஒரு குடும்பம். தங்கத் துகள் மேல் டிஎன்ஏ இழைகளை மயிர்போல் நட்டு வளர்ப்பவை இன்னொரு குடும்பம். ஆர்என்ஏவைக் கொழுப்புக்குள் பொதிந்து செல்லுக்குள் அனுப்புபவை மூன்றாவது. 2018இல் அனுமதி பெற்ற பாட்டிசிரான் மருந்தும், 2020இல் வந்த எம்ஆர்என்ஏ கோவிட் தடுப்பூசிகளும் இந்த மூன்றாம் குடும்பம்.

இவற்றை நேரடியாக மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துவிடலாமே என்று தோன்றும். பார்க்கிறார்கள், அற்புதமான படங்களும் கிடைக்கின்றன. ஆனால் சாதாரண முறையில் துகளைத் தகட்டில் ஒட்டி, உலர்த்தி, உலோக உப்பால் சாயமேற்ற வேண்டும். முப்பரிமாணப் பெட்டி சப்பையாகப் படுத்துவிடும். உறையவைத்துப் பார்க்கும் கிரையோ முறை இதைவிட நேர்மையானது. அதிலும் மெல்லிய பனிப்படலத்துக்குள் சிக்கிய சில ஆயிரம் துகள்களைத்தான் பார்க்கிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு, எல்லாச் சோறும் ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் செல்லும். சிதறல் முறை பானையை மொத்தமாக எடை போடுகிறது. துகள் தண்ணீரில், தன் உப்பில், தன் வெப்பநிலையில் இருக்கும்போதே அளக்கலாம். இந்த ஒரு சலுகைக்காகத்தான் படத்தைத் துறக்கிறார்கள்.

டிஎன்ஏவுக்குச் சிதறல் புதிதல்ல. 1952 மே மாதம் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் வழிகாட்டலில் ரேமண்ட் காஸ்லிங் எடுத்த 51ஆம் படம் எக்ஸ் கதிர் சிதறியதன் பதிவே. அதிலிருந்த குறுக்குச் சிலுவை சுருளைக் காட்டியது. அடுக்குக் கோடுகளின் இடைவெளி ஒரு முழுச் சுற்றுக்கு 3.4 நானோமீட்டர் என்றது. மேலும் கீழும் இருந்த கருமை, டிஎன்ஏவின் எழுத்துகளான காரங்கள் 0.34 நானோமீட்டருக்கு ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதைச் சொன்னது. ஆனால் அது இழுத்து நீட்டிய நார். சுருள்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. கரைசலில் துகள்கள் எல்லாத் திசையிலும் புரண்டுகொண்டிருக்கும். அதனால் சிலுவையும் புள்ளிகளும் கலைந்து வெறும் வட்டமாகிவிடும். திசை பற்றிய தகவல் அத்தனையும் இழப்பு. மிஞ்சுவது தூரம் மட்டும்.

தூரம் எப்படி மிஞ்சுகிறது? துகளுக்குள் இரண்டு இடங்களில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஆளுக்கு ஒரு சிற்றலையைத் திருப்பி அனுப்புகின்றன. அவை ஒன்றையொன்று கூட்டுமா, கழிக்குமா என்பது அவற்றின் இடைத்தூரத்தையும் பார்க்கும் கோணத்தையும் பொறுத்தது. இடைத்தூரம் பெரிதாக இருந்தால் மிகச் சிறிய கோணத்திலேயே கழிவு தொடங்கிவிடும். இதனால்தான் இதற்குச் சிறுகோணச் சிதறல் என்று பெயர். கோணத்தையும் அலைநீளத்தையும் சேர்த்து 'கியூ' என்று ஒரே எண்ணாக எழுதுவார்கள். அதைக்கொண்டு 6.28ஐ வகுத்தால் நாம் எந்த அளவிலான தூரத்தைப் பார்க்கிறோம் என்பது தோராயமாகக் கிடைக்கும். வளைவின் இடது ஓரம் துகளின் மொத்த உருவம், வலது ஓரம் அதன் உள் விவரம். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் எந்தச் சிதறல் வரைபடத்தையும் பாதி படித்துவிடலாம்.

இடது ஓரத்தைப் படிக்க வழிகாட்டியவர் பிரான்சின் ஆந்த்ரே கினியே, 1930களின் இறுதியில். சிதறிய கதிரின் செறிவை, அதாவது பிரகாசத்தை, எடுத்து அதன் மடக்கையைக் கியூவின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்தால் தொடக்கத்தில் நேர்கோடு வரும். அதன் சரிவு துகளின் சுழற்சி ஆரத்தைத் தரும். பெயர் மிரட்டினாலும், பொருள் தன் மையத்திலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதன் அளவுதான் அது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 42 கார இணைகள் கொண்ட நேரான டிஎன்ஏ துண்டின் நீளம் 14.3 நானோமீட்டர், விட்டம் 2 நானோமீட்டர். இந்தக் குச்சியின் சுழற்சி ஆரம் ஏறக்குறைய 4.2 நானோமீட்டர். அதே அளவுப் பொருளை உருட்டி உருண்டையாக்கினால் 1.7 நானோமீட்டர்தான் வரும். எடை மாறவில்லை, வடிவம் மாறியது. கோட்டின் சரிவு பல மடங்கு மாறுகிறது. மடிந்ததா, மடியவில்லையா என்ற கேள்விக்கு இதைவிட மலிவான விடை கிடையாது.

துகள் பெரிதாகும்போது இந்த எளிமை பறிபோகிறது. சுழற்சி ஆரம் 30 நானோமீட்டர் இருக்கும் ஒரிகாமிக்குக் கினியேயின் நேர்கோடு செல்லுபடியாகும் பகுதி, 0.1 நானோமீட்டர் அலைநீளத்தில், கற்றையின் மையத்திலிருந்து வெறும் 0.04 பாகைக்குள் முடிந்துவிடும். உணர்கருவி 3 மீட்டர் தள்ளி இருந்தால், அது மையத்திலிருந்து 2 மில்லிமீட்டர். அந்த இடத்தில்தான் நேர்க்கற்றை கருவியைச் சுட்டுவிடாமல் இருக்க ஒரு உலோகத் தடுப்பு உட்கார்ந்திருக்கும். தேவையான தகவல் தடுப்பின் நிழலில்! பெரிய ஒரிகாமிகளை அளப்பவர்கள் கருவியை இன்னும் தள்ளி வைக்கப் பாடுபடுவது இதனால்தான்.

வளைவின் நடுப்பகுதி இறங்கும் வேகம் வடிவத்தின் சாடையைச் சொல்லும். மெல்லிய குச்சியானால் கியூவுக்கு நேர்மாறாக இறங்கும். தட்டையான தகடானால் அதன் வர்க்கத்துக்கு. கூர்மையான பரப்புள்ள திண்ம உருவமானால் நான்காம் அடுக்குக்கு. இந்த நான்காம் அடுக்கு இறக்கத்தைப் போராட் விதி என்பார்கள். பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது இதன் மறுபக்கம்: நூல் உருண்டைபோல் தாறுமாறாகச் சுருண்ட சங்கிலியும் வர்க்கத்துக்கு நேர்மாறாகத்தான் இறங்கும். சரிவை மட்டும் பார்த்தால் ஒழுங்கான தகடும் ஒழுங்கற்ற நூலும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு வடிவத்திலிருந்து ஒரே ஒரு வளைவுதான் வரும். ஒரு வளைவுக்குப் பின்னால் பல வடிவங்கள் ஒளிந்திருக்கலாம். ஆகவே வளைவு எதையும் நிரூபிப்பதில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அது மறுக்கும். முன்வைக்கப்பட்ட பத்து மாதிரிகளில் எட்டை ஈவிரக்கமில்லாமல் தள்ளிவிடும். மிஞ்சிய இரண்டில் எது என்று கேட்டால் வாய் திறக்காது.

ஒரிகாமிக்கு இந்த மறுக்கும் குணமே வரப்பிரசாதம். புரதத்தின் வடிவம் தெரியாமல் தொடங்குகிறோம். ஒரிகாமியின் வடிவத்தையோ நாமே கணினியில் வரைந்திருக்கிறோம். மாதிரி கையில் இருக்கிறது. அணு அணுவாக அதன் வளைவைக் கணக்கிட்டு, அளந்த வளைவின் மேல் வைத்துப் பார்த்தால் போதும். அப்படிப் பார்த்தபோது தெரிந்த ஒரு விஷயம்: சுருள்கள் ஒட்டி நிற்பதில்லை. டிஎன்ஏவின் விட்டம் 2 நானோமீட்டர். தேன்கூட்டு அமைப்பில் கட்டிய துகள்களிலோ அடுத்தடுத்த சுருள்களின் மையத்தூரம் சராசரியாக 2.6, 2.7 நானோமீட்டர் என்று வருகிறது. காரணம், ஒவ்வொரு சுருளின் முதுகெலும்பும் எதிர்மின்னூட்டம் சுமக்கிறது. தையல் இழை தாண்டிச் செல்லும் இடத்தில் மட்டும் இரண்டு சுருள்கள் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். அடுத்த தையல் வரை அவை ஒன்றையொன்று தள்ளி, வில்லாக வளைந்து நிற்கும். நேர்மின்னூட்டமுள்ள மெக்னீசியம் அயனிகளைக் கூட்டினால் இந்தத் தள்ளுதல் மட்டுப்படும். இப்படி மெக்னீசியத்தைக் கூட்டியும் குறைத்தும் மூடித் திறக்கும் ஒரிகாமிப் பொறிகளின் அசைவையும் எக்ஸ் கதிர்ச் சிதறலால் கரைசலிலேயே பின்தொடர்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் அளவீடு சுத்தமாக இருந்தால். அங்கேதான் வேலையின் பெரும்பகுதி கரைகிறது. துகளிலிருந்து வரும் சிதறல், தண்ணீரும் உப்பும் கண்ணாடியும் சேர்ந்து தரும் சிதறலின் மேல் ஒரு மெல்லிய ஏடு மாதிரி மிதப்பது. அதே நுண்குழாயில் துகளில்லாத கரைசலை அளந்து கழிக்க வேண்டும். அந்த வெற்றுக் கரைசல் 'அதே மாதிரி' இருந்தால் போதாது. துகள் ஊறிய அதே கரைசலாக இருக்க வேண்டும். மறுபடி எடை போட்டுக் கலக்கிய கரைசலில் உப்பு இம்மியளவு மாறியிருந்தாலும், வலது ஓரத்தில் வளைவு கீழே போகாமல் தட்டையாகத் தூக்கும், இல்லையென்றால் பூஜ்யத்துக்குக் கீழே பாயும். ஒரிகாமிக்கு இன்னொரு தொல்லை உண்டு. மடிப்பு நன்றாக நடக்கத் தையல் இழைகளைப் பல மடங்கு அதிகமாகப் போடுவார்கள். மிச்சமான இழைகளைக் கழுவி நீக்காவிட்டால் அவையும் சிதறும்; துகளின் உள்விவரம் என்று நாம் படிப்பது மிச்ச இழைகளின் இரைச்சலாக இருக்கும்.

கதிரே மாதிரியைக் கெடுக்கவும் செய்யும். சின்க்ரோட்ரான் என்ற பெரிய வட்ட முடுக்கி தரும் பலத்த எக்ஸ் கதிர் தண்ணீரை உடைத்து ஹைட்ராக்சில் துணுக்குகளை உண்டாக்கும். அவை இழையை வெட்டும். எனவே ஒரே நீண்ட அளவீட்டுக்குப் பதில் பல குட்டிப் பதிவுகள் எடுத்து, முதலாவதையும் கடைசியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது வழக்கம். இடது ஓரம் மெல்ல மேலேறினால் துகள்கள் ஒட்டத் தொடங்கிவிட்டன என்று பொருள். அந்தப் பதிவுகளைத் தூக்கி எறிய வேண்டியதுதான். இடது ஓரம் கீழே குழிந்தால் வேறு கதை: உப்பு போதாமல் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி, ஒழுங்காக இடம்விட்டு நிற்கின்றன. கட்டுரைகளில் வரும் வழவழப்பான வளைவுகளைப் பார்க்கும்போது, அதற்கு முன் குப்பைக்குப் போனவை எத்தனை என்று யோசிப்பது நல்ல பழக்கம்.

எக்ஸ் கதிருக்கு ஒரு பலவீனம்: எதைப் பார்ப்பது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எலக்ட்ரான் அடர்த்தியில் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவுக்குத்தான் பொருள் தெரியும். ஒரு கன நானோமீட்டருக்குத் தண்ணீரில் 334 எலக்ட்ரான்கள், புரதத்தில் சுமார் 430, டிஎன்ஏவில் சுமார் 550. செறிவு இந்த வேறுபாட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், ஒரே பருமனுள்ள புரதத்தைவிட டிஎன்ஏ ஐந்து மடங்கு பளிச்சிடும். ஆனால் கொழுப்பின் வால் பகுதி தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது, தலைப் பகுதி கூடியது. ஒன்று கூட்ட, ஒன்று கழிக்க, கொழுப்பும் ஆர்என்ஏவும் கலந்த துகளின் வளைவு எதைச் சொல்கிறது என்று பிரிப்பது பெரும் சிக்கல்.

நியூட்ரான் இங்கே கைகொடுக்கிறது. அது எலக்ட்ரானைப் பொருட்படுத்தாது, அணுக்கருவில்தான் சிதறும். எவ்வளவு பலமாகச் சிதறடிக்கிறது என்பதன் அளவான சிதறல் நீளம், சாதாரண ஹைட்ரஜனுக்கு மைனஸ் 3.74 ஃபெம்டோமீட்டர். அதே வேதியியலோடு ஒரு நியூட்ரான் மட்டும் கூடிய டியூட்டீரியத்துக்குப் பிளஸ் 6.67. குறியே மாறிவிடுகிறது! எனவே சாதாரண நீரையும், ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள கன நீரையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்தால், பின்னணியின் 'நிறத்தை' விரும்பியபடி மாற்றலாம். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரியாது என்பதே சூத்திரம். கன நீர் 10 முதல் 15 சதவீதம் இருக்கும்போது கொழுப்பு மறையும். 40 சதவீதத்தையொட்டிப் புரதம் மறையும். 65 முதல் 70 சதவீதத்தில் நியூக்ளிக் அமிலம் மறையும். ஒரே துகளை மூன்று கலவைகளில் அளந்தால், ஒவ்வொரு முறையும் ஒரு பாகம் கண்ணிலிருந்து நழுவி மற்றவை மட்டும் நிற்கும்.

இந்த வித்தையின் சாதனைகளில் ஒன்று, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம். அதன் சிறு பாதியில் உள்ள 21 புரதங்களில் இரண்டிரண்டாக டியூட்டீரியம் ஏற்றி, மற்றவற்றைப் பின்னணியில் கரைத்து, அந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அளந்தார்கள். ஆண்டுக்கணக்கில் தூரங்களைச் சேர்த்து 1987இல் முழு வரைபடம் வெளியானது. படிகக் கட்டமைப்பு வந்தது அதற்கும் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. நானோ துகள் ஆய்வாளர்கள் இன்று செய்வது அடிப்படையில் அதே கண்ணாமூச்சி. நியூட்ரானின் குறை, அது போதுமான அளவு கிடைக்காது. அணு உலையோ பெரிய முடுக்கியோ வேண்டும். எக்ஸ் கதிருக்கு ஒரு விநாடி போதும் என்றால் இதற்குப் பல நிமிடங்கள், சில சமயம் மணிக்கணக்கு. பதிலுக்கு, மாதிரி கெடாமல் திரும்பக் கிடைக்கும். பிரான்சின் கிரெனோபில் நகரில் நியூட்ரான் உலையும் ஐரோப்பிய சின்க்ரோட்ரானும் ஒரே வளாகத்தில் இருப்பது இத்துறைக்குப் பெரிய வசதி.

கொழுப்புத் துகள்களின் கதைக்கு வருவோம். 1997இல் அமெரிக்காவின் சாந்தா பார்பராவில் சைரஸ் சஃபின்யாவின் குழு டிஎன்ஏவை நேர்மின்னூட்டக் கொழுப்போடு கலந்து எக்ஸ் கதிரில் வைத்தது. குழம்பாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும் கலவையின் வளைவில் கூரிய சிகரங்கள் எழுந்தன, அதாவது உள்ளே ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு இருந்தது. கொழுப்புப் படலம், டிஎன்ஏ வரிசை, மறுபடி கொழுப்புப் படலம் என்று 6.5 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்பும் அடுக்கு. படலம் சுமார் 4 நானோமீட்டர், தண்ணீர் போர்த்திய டிஎன்ஏ 2.5, கணக்கு சரியாக உட்கார்ந்தது. இதோடு ஒரு சிறு சிகரம் டிஎன்ஏக்கள் தமக்குள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று காட்டியது. கொழுப்பின் விகிதத்தை மாற்றினால் அது 2.5 நானோமீட்டரிலிருந்து 5.7 வரை நகர்ந்தது. அடுத்த ஆண்டே, வேறொரு துணைக் கொழுப்பைச் சேர்த்தால் அடுக்கு கலைந்து அறுகோணக் குழல்களாக மாறுவதையும், அந்த வடிவம் செல் படலத்தோடு எளிதில் இணைவதையும் காட்டினார்கள்.

தடுப்பூசித் துகள் இதன் வாரிசு, ஆனால் அச்சு அசலான நகல் அல்ல. அதில் நான்கு கொழுப்புகள்: அமிலத்தில் மட்டும் மின்னூட்டம் பெறும் அயனியாகும் கொழுப்பு, டிஎஸ்பிசி என்ற பாஸ்போ கொழுப்பு, கொலஸ்ட்ரால், பெக் என்ற பாலிமர் பூசிய கொழுப்பு. எக்ஸ் கதிரில் கியூ நானோமீட்டருக்கு 1 என்ற மதிப்புக்கு அருகே ஒரு சிகரம் வரும், அதாவது சுமார் 6 நானோமீட்டர் இடைவெளி. ஆனால் அது கூரிய ஊசியாக இராது, அகன்ற மேடு. சிகரம் அகல அகல ஒழுங்கு குறுகிய தூரத்துக்குத்தான் என்று அர்த்தம். உள்ளே அடுக்கு இருக்கிறது, நாலைந்து வரிசைக்குள் அது நிலைகுலைந்துவிடுகிறது. எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய டியூட்டீரியம் ஏற்றிய கொழுப்புகளோடு நியூட்ரானில் அளந்தார்கள். 2018இல் வெளியான அத்தகைய ஆய்வு ஒன்றின்படி, டிஎஸ்பிசி பெரும்பாலும் மேற்பரப்பில் குடியிருக்கிறது. எம்ஆர்என்ஏ அயனியாகும் கொழுப்போடு உட்கருவில், கூடவே உட்கருவின் பருமனில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர். கொழுப்பு உருண்டைக்குள் இவ்வளவு தண்ணீரா என்பது லேசாகக் கடந்துபோகக்கூடிய கேள்வியில்லை. ஆர்என்ஏ தண்ணீரில்தான் தானாகச் சிதைகிறது. சேமிப்புக்கு அத்தனை குளிர் ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்கு இதிலும் ஒரு நுனி கிடைக்கிறது.

செல் துகளை விழுங்கும்போது அதைச் சுற்றி உண்டாகும் பை மெல்ல அமிலமாகும், பி.எச். 7லிருந்து 5ஐ நோக்கி இறங்கும். அயனியாகும் கொழுப்பு அப்போது மின்னூட்டம் பெற்று உள்கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது. வெவ்வேறு பி.எச்.சில் எக்ஸ் கதிர் வளைவு எடுத்தால் அந்தச் சிகரம் நகர்வதையும், புதிய சிகரங்கள் முளைப்பதையும் பார்க்கலாம். எம்ஆர்என்ஏ எந்தக் கணத்தில் வெளியேறுகிறது என்பதற்கு இது நேர்ச் சாட்சியாகாவிட்டாலும், எந்தக் கொழுப்பு சீக்கிரம் வடிவம் மாறுகிறது என்று ஒப்பிட நல்ல வழி.

அன்றாடம் ஆய்வுக்கூடத்தில் புழங்குவது இவை எதுவுமில்லை. மேசைமேல் நிற்கும் இயங்கு ஒளிச்சிதறல் கருவி. லேசர் ஒளியின் மினுமினுப்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்த்து, துகள் எவ்வளவு வேகமாக அலைகிறது, அதிலிருந்து எவ்வளவு பெரிது என்று சொல்லும். ஐந்து நிமிட வேலை. ஆனால் சிறு துகள்களில் சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சம் சேர்ந்தால் தரும் ஒளியைத் தந்துவிடும். கரைசலில் 99.9 சதவீதம் ஒழுங்கான ஒரிகாமியாகவே இருந்தாலும், கொஞ்சம் கட்டிகள் போதும், கருவி அவற்றின் அளவையே முன்னிறுத்தும். அது தரும் ஆரமும் தண்ணீரை இழுத்துக்கொண்டு நகரும் ஆரம். எக்ஸ் கதிர் தரும் சுழற்சி ஆரத்தோடு ஒன்றாக இராது. இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒத்துப்போகாததில்தான் தகவலே இருக்கிறது. ஒளிச்சிதறல் தரும் ஆரத்தால் சுழற்சி ஆரத்தை வகுத்தால் வரும் எண், திண்ம உருண்டைக்கு 0.77, நீண்ட குச்சிக்கு 1க்கும் மேல்.

தங்கமும் டிஎன்ஏவும் சேர்ந்த குடும்பத்தில் சிதறலுக்கு நிலைமை சுலபம். தங்கம் எக்ஸ் கதிரில் விளக்குப்போல் எரியும். 2008 ஜனவரியில் ஒரே நேச்சர் இதழில் வெளியான இரண்டு கட்டுரைகள், டிஎன்ஏ பிணைப்பால் தங்கத் துகள்கள் தாமாகவே படிகமாக அடுக்கப்படுவதைக் காட்டின. ஒரு வகையில் சிகரங்கள் 1, இரண்டின் வர்க்கமூலம், மூன்றின் வர்க்கமூலம் என்று தொடங்கி ஏழின் வர்க்கமூலம் வரை விடாமல் வரிசை கட்டின. மூலைகளிலும் நடுவிலும் துகள் நிற்கும் உடல்மைய கனசதுரம் என்று தீர்ந்தது. அங்கு வாதத்துக்கு இடமில்லை.

வாதம் நடப்பது கொழுப்புத் துகளில்தான். கிரையோ நுண்ணோக்கிப் படங்களில் சில துகள்களுக்குப் பக்கத்தில் நீர்க்கொப்புளம்போல் ஒரு புடைப்பு தெரிகிறது, சிலவற்றுக்கு இல்லை. சிதறல் வளைவு இருவகையையும் கூட்டிச் சராசரி எடுக்கும். பாதித் துகள்களுக்குக் கொப்புளம், பாதிக்கு இல்லை என்றால், எங்கும் இல்லாத ஓர் அரைக்கொப்புளத் துகளை அந்த வளைவு வர்ணிக்கும். மாதிரியைப் பொருத்தும் நிரலும் மறுப்புச் சொல்லாமல் அதற்கு ஒரு விட்டம் கொடுத்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் இப்போது துகள்களை ஓட்டத்தில் அளவுவாரியாகப் பிரித்து, வெளியேறும் திரவம் அப்படியே எக்ஸ் கதிர் நுண்குழாய்க்குள் போகும்படி இணைக்கிறார்கள். முன்னால் ஒரே வளைவு இருந்த இடத்தில் இப்போது நூற்றுக்கணக்கான வளைவுகள், ஒவ்வொன்றும் துகள் கூட்டத்தின் ஒரு மெல்லிய சீவல். பெரிய துகள்களின் சீவலில் 6 நானோமீட்டர் மேடு எப்படி இருக்கிறது, சிறியவற்றின் சீவலில் எப்படி இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்க முடிகிறது. கொப்புளம் பெரியவற்றோடு மட்டும் வருகிறதா என்பதையும் அங்கேதான் தேட வேண்டும்.